விழுந்து முளைக்காத பல்

பல் டாக்டரின் அறைக்குள் நுழைந்ததுமே கிராம்பு எண்ணெய் வாடை அடித்தது. ஆறு வயது மகளை நாற்காலியில் உட்கார வைத்தேன். புதிதாக முளைத்திருந்த அவளது கடைவாய்ப் பற்களில் சொத்தை வராமலிருக்கப் பூச்சு வைக்க வந்திருந்தோம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஓசூர் சிப்காட் பக்கம் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. கடைவாய்ப் பல் வலிக்கும்போதெல்லாம் அம்மா கிராம்பு எண்ணெயில் பஞ்சை நனைத்து வைப்பாள்.

"பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்" என்பார் அப்பா.

கன்னம் வீங்கிய பிறகுதான், ஒரு காலையில் நைட் ஷிப்ட் முடித்த யூனிஃபார்மோடு என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கினார்.

"இது பால் பல் இல்லீங்க. இனிமே முளைக்காது. முளைச்ச புதுசுலயே கூட்டியாந்து பள்ளத்துல ஒரு பூச்சு வெச்சிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது."

அப்பா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. மிஷின் ஆயில் படிந்த விரல்களால் என் கன்னத்தைத் தொட்டார்.

"வலிக்குதா பாப்பா?"

"இல்ல. தொடறதே தெரியலப்பா."

கையை எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. வீடுவரை நடந்தோம். அதன் பிறகு அந்தப் பல்லைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவே இல்லை.

மகளின் பற்களைத் துடைத்து உலர்த்தி, பூச்சை வைத்து, நீல வெளிச்சம் காட்டினார்கள். ஊசியில்லை, வலியில்லை. சற்று நேரத்தில் இறங்கி வந்துவிட்டாள்.

"அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதான்டி" என்றேன்.