மஞ்சள் விளக்கோடு அறுபத்தேழு கிலோமீட்டர்

காலை எட்டு மணி, துவாக்குடி. சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பிவிட்டது. இதையே ஒரு விசேஷமாகச் சொல்கிறேன் என்றால் என் கார் எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். அதற்கு வயது பதினான்கு, நான் மூன்றாவது சொந்தக்காரன். எனக்கு அவசரம் என்றால் அதற்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, அன்றைக்கென்று பார்த்துப் படுத்துக்கொள்ளும். நண்பன் கல்யாணத்துக்குக் கிளம்பியபோது திருவெறும்பூரில் நின்றது. வேலை கேட்டு ஒரு கம்பெனிக்குப் போனபோது அந்தக் கம்பெனி வாசலிலேயே புகைவிட்டு நின்றது. வேலை கிடைக்கவில்லை.

இங்கிருந்து ஸ்ரீரங்கம் இருபத்தைந்து கிலோமீட்டர். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இந்தப் பயணம் எனக்கு உண்டு. என் மகள் தாரணி, பதினோரு வயது, அங்கே அவள் அம்மாவோடு இருக்கிறாள். நானும் அவள் அம்மாவும் பிரிந்து நான்கு வருடமாகிறது. யார் மேல் தப்பு என்பதற்கெல்லாம் பயணக் கட்டுரையில் இடமில்லை. காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையை அழைத்துப்போய், மாலை விளக்கு வைப்பதற்குள், அதாவது ஆறு மணிக்குள், கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு. நான்கு வருடத்தில் ஒருநாளும் நான் தாமதமாக வந்ததில்லை.

காலை ஒன்பது, அம்மா மண்டபம் சாலை. அவர்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டின் கேட் அருகே தாரணியின் அம்மா நின்றிருந்தாள். கையில் ஒரு தூக்கு.

"புளியோதரை. ரெண்டு பேருக்கும் சேத்துதான் வெச்சிருக்கேன்" என்றாள். பிறகு பிள்ளை காரில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு கோயம்புத்தூருக்கு மாத்தல் வந்துருச்சு. வர்ற ஞாயித்துக்கெழம கெளம்புறோம். அவகிட்ட சொல்லிட்டேன். நீங்களும் கொஞ்சம் பேசுங்க."

"அப்ப ரெண்டாவது ஞாயிறு?"

"பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்பது எங்கள் பக்கத்தில் 'இல்லை' என்பதற்கு மரியாதையான பெயர். அவளைக் குறை சொல்லவில்லை. கோயம்புத்தூர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தக் காரை நம்பி நான் மாதாமாதம் அங்கே போவேன் என்று எந்த முட்டாளும் நினைக்கமாட்டான்.

இன்று போவது புளியஞ்சோலை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். கொள்ளிடப் பாலம், டோல்கேட், மண்ணச்சநல்லூர், புலிவலம், துறையூர், உப்பிலியபுரம் என்று வடமேற்கே போனால் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு ஓடை. பெட்ரோல் முள் கால் பங்குக்குச் சற்று மேலே நின்றது. போகப் போதும், வரும்போது துறையூரில் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

கொள்ளிடத்தைத் தாண்டியதும் ஏசியைப் போட்டேன்.

"வேணாம்ப்பா. ஏசி போட்டா எனக்குத் தும்மலா வரும்" என்றாள் தாரணி.

"நல்லதாப் போச்சு. அந்தச் சனியன் பெட்ரோலை மடமடன்னு குடிச்சிரும்."

ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பரீட்சை, கணக்கு டீச்சர், பக்கத்து வீட்டு நாய் போட்ட குட்டிகள். கோயம்புத்தூரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நானும் எடுக்கவில்லை.

பதினொன்றே கால், புளியஞ்சோலை. நுழைவுச் சீட்டு, வண்டி நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்த்து எழுபது ரூபாய். சித்திரை வெயிலில் ஓடை கணுக்கால் அளவுக்குத்தான் ஓடியது. ஆனால் தண்ணீர் ஜில்லென்று இருந்தது, பாறைகளின் மேல் மரநிழல் விழுந்திருந்தது. அதற்காகவே போகலாம். காலை நீரில் தொங்கவிட்டுப் புளியோதரையைச் சாப்பிட்டோம். நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருந்தபோது சாப்பிட்ட அதே ருசி. வேர்க்கடலை தூக்கலாக இருந்தது. எனக்குப் பிடிக்கும் என்று போட்டாளா, பழக்கத்தில் போட்டாளா என்று கேட்கவா முடியும்?

சாப்பிட்டு முடித்ததும் பேசிவிடலாம் என்று நினைத்தேன். குளித்துவிட்டு வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம், தலை துவட்டட்டும். அப்புறம் மணி மூன்றரை.

மாலை நான்கு, உப்பிலியபுரம். ஊரைத் தாண்டும்போது 'டொங்' என்று ஒரு சத்தம். முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எப்போதும் செய்வதுபோல் தூரம் காட்டும் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்தேன். துறையூர் பதினேழு கிலோமீட்டர்தான், பயமில்லை. தாரணி அந்த விளக்கைப் பார்த்தாள்.

துறையூரில் பங்க் வந்தது. சத்தியமாகப் போடத்தான் நினைத்தேன். இண்டிகேட்டரைப் போட்டு வேகத்தைக் குறைத்தும் விட்டேன்.

"இன்னும் எவ்ளோ நேரம்ப்பா வீட்டுக்கு?"

"ஒண்ணே கால் மணி நேரம்டா."

"அவ்ளோதானா?"

பிள்ளை அதைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். இண்டிகேட்டரை அணைத்தேன். பங்க் பின்னால் போய்விட்டது.

யோசனை மின்னல் மாதிரி வந்தது என்றெல்லாம் கதை விடமாட்டேன். மெதுவாகத்தான் வந்தது. வண்டி நின்றால் நான் என்ன செய்ய முடியும்? யார் என்னைக் கேட்க முடியும்? "வண்டி நின்னுடுச்சு, வர லேட்டாகும்" என்று ஒரு போன். வழியில் எங்கே பார்த்தாலும் டீக்கடை இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு கஷ்டமும் வராது. நான் ஆட்டோ பிடித்துப் பெட்ரோலுக்கு அலைவதற்குள் ஏழு ஆகும், எட்டு ஆகும். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கோயம்புத்தூரைப் பற்றிப் பேசுவோம். பேசாவிட்டால்தான் என்ன, சும்மா உட்கார்ந்திருப்போம். எனக்கு அது போதும்.

மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எழுபது கிலோமீட்டர் ஓடும் என்று சொல்பவர்கள் உண்டு, நாற்பதில் நின்றுவிடும் என்பவர்களும் உண்டு. என் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா? முப்பதுக்குமேல் தாங்காது என்று நினைத்தேன்.

"அப்பா, ஏசி போடுங்களேன்."

"தும்மல் வரும்னியே?"

"இப்ப வெயிலா இருக்குல்ல."

போட்டேன். பெட்ரோலைச் சேமிக்கிற மனிதர்கள் உலகத்தில் நிறைய உண்டு. அதைச் செலவழிக்க இப்படிப் பாடுபட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாலாம் கியரில் போக வேண்டிய இடத்தில் மூன்றாம் கியரில் உறும விட்டேன். புலிவலத்தில் சாலையோரம் நுங்கு விற்றார்கள். அவள் கேட்டாள், ஓரங்கட்டினேன்.

"என்ஜினை ஆஃப் பண்ணாதீங்கப்பா. உள்ள சூடாயிரும்."

நல்லதாயிற்று. வண்டி உறுமிக்கொண்டே நிற்க, ஆளுக்கு நாலு நுங்கு தின்றோம். வெட்டிக் கொடுத்த அக்கா, "பெட்ரோல் என்ன சும்மாவா வருதுங்க? நிறுத்துங்க சார்" என்று சத்தம் போட்டார். தாரணி சிரித்தாள். அந்த நாளில் அவள் சிரித்ததில் அதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சனியன் பிடித்த கார்! ஐந்தேகாலுக்கு மண்ணச்சநல்லூர். அரிசி ஆலைகளின் தவிட்டு வாசனை. கார் பந்தயக் குதிரை மாதிரி ஓடுகிறது. ஒரு இருமல் இல்லை, ஒரு உதறல் இல்லை. பத்து வருடமாக எதற்கெடுத்தாலும் மக்கர் பண்ணிய வண்டி, நில்லு நில்லு என்று மனசுக்குள் கெஞ்சுகிறவனைச் சுமந்துகொண்டு பறக்கிறது. வலதுபக்கம் ஒரு பங்க் போயிற்று. இடதுபக்கம் ஒன்று. தாரணி தும்ம ஆரம்பித்திருந்தாள்.

"ஏசியை அணைச்சிரட்டுமா?"

"வேணாம்ப்பா. இருக்கட்டும்."

டோல்கேட். கொள்ளிடப் பாலம். பாலத்தில் ஏறியதும் மேற்கே ராஜகோபுரம் தெரிந்தது. நூற்றுக்கணக்கான தடவை பார்த்த கோபுரம்தான். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நான் அன்றைக்கு அதைப் பார்த்து, முடிந்துபோயிற்று என்று நினைத்தேன்.

ஐந்து ஐம்பது. கேட் அருகே தாரணியின் அம்மா.

"கரெக்டா வந்துட்டீங்க" என்றாள், நல்ல மனதோடுதான்.

தாரணி இறங்கித் தூக்கை எடுத்துக்கொண்டாள். மூக்கு சிவந்திருந்தது. ஏதோ சொல்ல வருவதுபோல் ஜன்னலருகே நின்றாள். நானும் ஏதோ சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் மழை நிறையப் பெய்யும் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"பெட்ரோல் போட்டுட்டுப் போங்கப்பா" என்றாள்.

"சரிடா."

அவள் படியேறிப் போனாள். மீட்டர் அறுபத்தைந்து காட்டியது. அந்தத் தெரு முனையில் திரும்பினால் ஒரு பங்க் இருக்கிறது. நான் திரும்பவில்லை. இனி வண்டி நின்றால் என்ன, ஓடினால் என்ன என்று இருந்தது.

காவிரிப் பாலத்தின் நடுவில், மலைக்கோட்டைக்கு நேர் எதிரே, ஒரு உதறல். ஒரு இருமல். நின்றுவிட்டது. மீட்டரில் அறுபத்தேழு.

கீழே ஆற்றில் மணல்தான். பின்னால் ஹாரன்கள் அலறின. ஞாயிற்றுக்கிழமை மாலை, சினிமாவுக்கும் கடைவீதிக்கும் போகிற குடும்பங்கள், ஸ்கூட்டரில் நான்கு பேராக நெருக்கிக்கொண்டு என்னை ஒதுக்கிவிட்டுப் போயின. அவ்வளவு பேர் போகிற பாலத்தில் நான் அவ்வளவு தனியாக நின்றதில்லை. வாழைத்தார் ஏற்றிய ஒரு லோடு ஆட்டோ எனக்கு முன்னால் ஓரங்கட்டியது. அதன் டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி இறங்கி வந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"பெட்ரோல் தீந்துபோச்சுங்க."

"லைட் எரியலையா?"

"எரிஞ்சுச்சு. உப்பிலியபுரத்துலயே எரிஞ்சிருச்சு."

"உப்பிலியபுரமா! அடேங்கப்பா! வழியில ஒரு பங்க்கூடவா கண்ணுல படல?"

"பட்டுச்சுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காருக்குள் எட்டிப் பார்த்தார். முன் சீட்டில் ஒரு ஈரத்துண்டு கிடந்தது, தாரணி மறந்துவிட்டுப் போனது.

"கூட யாரும் வரலையா, தள்றதுக்கு?"

"இல்லைங்க. நான் மட்டும்தான்."

"சரி விடுங்க, கயிறு இருக்கு. பாலம் எறங்குனதும் பங்க்தான், இழுத்துட்டுப் போயிரலாம்" என்று அவர் குனிந்து கட்ட ஆரம்பித்தார். அப்போது என் போன் அடித்தது. அவள் அம்மாவின் நம்பர். பேசியது தாரணி.

"அப்பா, பெட்ரோல் போட்டுட்டீங்களா?"

"இல்லடா. வண்டி நின்னுருச்சு."

"எங்க?"

"காவேரிப் பாலத்துல."

அவர்கள் வீட்டுக் குக்கர் விசிலடிப்பது கேட்டது. அப்புறம் ஒரு தும்மல்.

"இப்பப் போயி நிக்குதா?" என்றாள். "துறையூர் தாண்டுனதுமே நின்னுரும்னு நெனச்சேன். அதுக்குத்தானப்பா ஏசி போடச் சொன்னேன்."

"தெரியாமப் போச்சேடா" என்று மட்டும் சொன்னேன். முன்னால் டிரைவர், "ஸ்டீயரிங்கைப் புடிச்சுக்குங்க சார், கெளம்பலாமா?" என்று கத்தினார். கயிறு இறுகி, கார் மெல்ல நகர்ந்தது. நான் அழுதுகொண்டே ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன்.

துவாக்குடிக்கு இன்னும் இருபத்து மூன்று கிலோமீட்டர். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு ஒரு கார் எவ்வளவு தூரம் போகும் என்று இனி யாராவது கேட்டால், அறுபத்தேழு என்று சொல்வேன். அதில் ஒரு பதினைந்து குறைந்திருந்தால், அந்த நேரத்தில் நானும் என் மகளும் மண்ணச்சநல்லூரில் ஏதோ ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.