இங்கிலிஷ்காரன் வீட்டுச் சாப்பாட்டு மேசை

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். அந்த வதந்தியைப் பரப்பியவன் நான்தான். எனக்கு எட்டு வயது. கனடாவில் லாசாலுக்கு வந்து ஏழு மாதம். தெரிந்தது நாற்பது சொல், அதில் பாதி ரீச்சருக்கு முன்னால் சொல்லக்கூடாதவை. மிச்சத்தைக் கற்பனையால் நிரப்பி அம்மாவுக்கு மொழிபெயர்ப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கோப்பை கழுவும் வேலைக்குப் போய்விட்டார். ஆற்றங்கரையில் இருந்த பழைய பண்ணைவீட்டுக்கு அம்மாவை இழுத்துப் போனேன். பள்ளிக்கூடத்தில் தந்த துண்டுக் கடதாசியில், நுழைவு இலவசம், பிஸ்கட்டும் உண்டு என்று இருந்தது. எனக்குச் சரித்திர ஆர்வம் பிறந்தது அப்படித்தான்.

இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கமக்காரன் கட்டிய வீடு. தன் ஊரில் போலவே நடுவில் முற்றம், ஒரு பக்கம் வீடு, எதிரே மாட்டுக்கொட்டில். முதல் மாரியிலேயே முற்றம் கழுத்தளவு பனியால் நிரம்பி, பால் கறக்கச் சுரங்கம் தோண்டிப் போனானாம். கூரை போட்ட நடைவழி பிறகுதான் வந்ததாம். வழிகாட்டிய பெண் தோண்டிக் காட்டியே நடித்ததால் எனக்குக்கூட விளங்கியது.

"எங்களை மாதிரித்தான் அம்மா, பாட்டா செருப்போட வந்து இறங்கியிருக்கிறான்."

அம்மா சிரித்தா. கனடாவில் முதல் தடவை.

கற்சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. அதில் மேலிருந்து கீழே ஒரு கோடு. இந்தப் பக்கம் முதலில் கட்டிய ஒற்றை அறை. அந்தப் பக்கம் மகன் பெரியவனானதும் ஒட்டிக் கட்டியது. அம்மா அந்தக் கோட்டை விரலால் தடவினா. ஊரில் எங்கள் வீட்டிலும் அண்ணையின் அறைக்கு அத்திவாரம் போட்டிருந்தது.

ஆமி வருகுதென்று நாங்கள் ஊரைவிட்டு ஓடிய மத்தியானம் அண்ணை ரியூசன் முடிந்து வந்திருக்கவில்லை. அவருடைய சோற்றைப் பீங்கானில் போட்டு, இன்னொரு பீங்கானால் மூடிவைத்துவிட்டுத்தான் அம்மா லொறியில் ஏறினா. "பேந்து வருவான்" என்று எனக்குச் சொன்னார்கள். நான் நம்பினேன். இங்கே தபால்பெட்டிப் பூட்டின் திறப்பை அம்மா தாலிக்கொடியில் ஊசியால் குத்தி வைத்திருந்தா; அண்ணையின் கடிதம் வந்திருக்குமென்று ஒரு நாளைக்கு மூன்று தரம் இறங்கிப் போய்த் திறப்பா.

அந்தப் பண்ணைவீட்டின் குசினி வாசலில் குறுக்கே கயிறு. உள்ளே மேசையில் நாலு பீங்கான், கரண்டிகள், பாதி வெட்டிய பாண். கதவடியில் சப்பாத்துகள். அம்மாவின் முகம் மாறியது.

"சாப்பிடேக்கை எழும்பி ஓடியிருக்கினம். ஆர் துரத்தினதெண்டு கேள்."

கேட்டேன். அந்தப் பெண் நீளமாகப் பதில் சொன்னா. வீட்டுக்காரி வயதாகிக் கட்டிலிலேயே செத்ததையும், வீட்டை ஊருக்கு எழுதிவைத்ததையும், மேசை காட்சிக்கு அடுக்கியது என்பதையும் வளர்ந்த பிறகுதான் வாசித்து அறிந்தேன். அன்றைக்கு எனக்கு விளங்கிய ஒரே சொல் 'மேசை'. பிஸ்கட் வேறு முடிந்துகொண்டிருந்தது.

"ஆமி வந்ததாம்."

"திரும்பி வந்தவையோ?"

"இல்லையாம். ஒருத்தரும் வரேல்லையாம்."

பகிடி விட்டதாக நினைப்பு. இன்னொருக்கால் சிரிப்பா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே போனா. ஒரு பீங்கானை எடுத்து இன்னொன்றின்மேல் கவிழ்த்து மூடினா. "மடாம்! மடாம்!" என்று அந்தப் பெண் ஓடிவந்தா. நான் வாய் நிறையப் பிஸ்கட்டோடு, இந்த மனுசி ஆரெண்டே தெரியாதவன் மாதிரி வாசலில் நின்றேன்.

பஸ்ஸில் கேட்டேன்: "வெறும் பீங்கானை ஏனம்மா மூடினனீங்கள்?"

"இலையான் மொய்க்கும்."

வெளியே முழங்காலளவு பனி. இந்தக் குளிருக்குள் இலையானா என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்த நாள் காலை அம்மா தாலிக்கொடியிலிருந்து ஊசியைக் கழற்றி, தபால்பெட்டித் திறப்பை என் கையில் தந்தா. நான் பெரியவனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.