ஷோகேஸ் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

நகைக்கடையில் வேலை என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் கழுத்தைப் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் இருக்காது. பிறகு, "அங்கன என்ன வேல?" என்பார்கள். ஷோகேஸ் அடுக்குகிற வேலை என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பேச்சை அதற்கு முன்பே விட்டுவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் போன பிறகு கேலி செய்யவும் ஆளில்லை. மகன் பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன்."

"மழை உண்டா?"

"சாரல் உண்டு."

பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்போம். அவன்தான் முதலில் வைப்பான்.

குத்துக்கல்வலசையில் வீடு. தென்காசியில் கடை. தரை துடைக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். ஒருநாள் ஷோகேஸ் அடுக்குகிற பெண் வரவில்லை என்று என்னை அடுக்கச் சொன்னார் பெரிய முதலாளி. அடுக்கினேன். மறுநாளும் அடுக்கச் சொன்னார். அப்படியே அது என் வேலையாகிவிட்டது.

நகைக்கடை ஷோகேஸில் ராத்திரி ஒரு குன்றிமணித் தங்கம்கூட இருக்காது. கடை சாத்தும்போது எல்லாம் லாக்கருக்குப் போய்விடும். வெல்வெட் சுற்றிய கழுத்துப் பொம்மைகள் மட்டும் வெறுமனே நிற்கும். அவற்றை நாங்கள் கழுத்து என்றுதான் சொல்வோம். "அந்தப் பெரிய கழுத்தத் தூக்கி இங்கன வையி" என்று யாராவது கத்தினால் புதிதாக வந்தவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். காலையில் தட்டுத் தட்டாக நகை வரும். முந்தின நாள் இருந்ததைப் போலவே மறுபடியும் முதலிலிருந்து அடுக்க வேண்டும்.

அடுக்குவதற்கு முறை உண்டு. ஆரம், காசுமாலை மாதிரிக் கனத்த உருப்படிகள் மேல்படியில், நடுவில். சங்கிலி எல்லாம் சாய்வுப் பலகையில். தோடும் ஜிமிக்கியும் கீழ்ப்படியில், பெண்பிள்ளைகள் குனிந்து பார்க்கிற உயரத்தில். வெள்ளிக் கொலுசு தனியாக ஓர் ஓரத்தில். பொன்னோடு சேர்த்து வைத்தால் இரண்டுமே மங்கித் தெரியும். சாரல் காலத்தில் தோட்டை முன்னால் கொண்டுவருவோம். குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நின்றுவிட்டு வருகிறவர்களில் யாராவது ஒருவருடைய காது வெறுங்காதாக இருக்கும். திருகாணி கழன்று தண்ணீரோடு போயிருக்கும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் கீழ்ப்படியில் சிலுவை டாலர்கள். இடம் காலியாகத் தெரிந்தால் பெரிய முதலாளிக்குப் பிடிக்காது. "நிறைச்சு வைங்க, பாக்குத கண்ணுக்கு நிறைவா இருக்கணும்" என்பார்.

படிகளுக்குப் பின்னால் அரக்கு நிறத்தில் ஒரு திரை தொங்கும். அதில் அங்கங்கே பிளவுகள். அந்தப் பிளவுகளுக்குள் கையை நீட்டித்தான் அடுக்குவேன். தெருவிலிருந்து பார்த்தால் என் கைகள் மட்டும் தெரியும். எனக்கு அது வசதியாக இருந்தது. விற்கிற இடத்தில் நிற்கச் சொன்னால் நான் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன்.

இந்தக் கடைக்கு எதிரேதான் குற்றாலம் போகிற பஸ் நிற்கும். அந்த பஸ்ஸுக்கு வருகிற ஒருத்தி தினமும் காலையில் எங்கள் ஷோகேஸுக்கு முன்னால் வந்து நிற்பாள். நாற்பது வயது இருக்கும். கனகாம்பரப் பூ, தோளில் ஒரு துணிப்பை. வேறு யாராவது வந்தால் நடுவில் இருக்கிற ஆரத்தைப் பார்ப்பார்கள், விலைச்சீட்டு தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். இவள் நேராக இடது மூலைக்கு வருவாள். அங்கே ஒரு சின்னக் கழுத்தில் சிவப்புக்கல் அட்டிகை ஒன்று இருந்தது. அதற்கு நேராக நின்று பார்ப்பாள். அவள் கண் எங்கும் அலையாது.

முதல் நாள் கையை இழுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் ஒதுங்கினேன். பிளவு வழியாகப் பார்த்தால் அவள் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. நடுவில் அந்த அட்டிகையும் கண்ணாடியும்தான். அவ்வளவு பக்கத்தில் ஒரு மனித முகத்தைப் பார்த்து எனக்கு எத்தனையோ நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் வருகிற நேரத்துக்கு அந்த மூலையை முதலில் முடித்துவிடுவேன். அட்டிகை அமுங்கிப் போகக் கூடாதென்று சுற்றி வேறெதுவும் வைக்க மாட்டேன். மேலேயும் வெறும் வெல்வெட்தான். "இந்த மூல என்ன, மொட்டையா இருக்கு?" என்று பெரிய முதலாளி கேட்டார். நான் அடுத்த தட்டை எடுக்கப் போனேன். அவரும் விட்டுவிட்டார்.

சில நாள் அவள் லேசாகச் சிரிப்பாள். நான் இருப்பது தெரிந்துதான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். திரைக்குப் பின்னால் நானும் சிரிப்பேன். சாரல் விழுந்து கண்ணாடி புகை படிந்தாற்போல ஆகிவிட்டால் அவள் வருவதற்கு முன்னாலேயே நான் உள்பக்கம் துணியால் துடைத்து வைப்பேன், அவள் வந்து வெளிப்பக்கம் முந்தானையால் துடைப்பாள். ஒரே கண்ணாடியை இரண்டு பேர் துடைக்கிறோம் என்று எனக்கு ஒரு சந்தோஷம். வேறு யாரிடமும் இல்லாத ஓர் உறவு அது என்றே வைத்துக்கொண்டேன். வேலைக்குக் கிளம்பும்போது புடவையைப் பார்த்துக் கட்ட ஆரம்பித்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

கவுண்டரில் நிற்கிற பெண் ஒருத்தி இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆச்சி, ஒங்க ஆளு வந்தாச்சு."

"ஏட்டி, சும்மா இரி."

"வாங்கவும் மாட்டா, போகவும் மாட்டா. கேட்டுருவமா ஆச்சி, என்ன வேணும்னு?"

"அவள ஒண்ணும் கேக்காத. அவபாட்டுக்குப் பாத்துட்டுப் போவட்டும்."

ஒருமுறை அந்த அட்டிகை விற்றுப்போய்விட்டது. அதே மாதிரி இன்னொன்று வரும்வரை ஒரு பச்சைக்கல் அட்டிகையை வைத்தேன். அவள் வழக்கம்போல வந்தாள், நின்றாள், பார்த்தாள். வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் பெரிய முதலாளி உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருந்துவிட்டார். அவர் மகன், எங்களுக்குச் சின்ன முதலாளி, கடைக்கு வந்தார். வந்ததும் ஷோகேஸை மாற்றக் கொச்சியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். தாடி வைத்த ஆள், மெதுவாகப் பேசுவார். திரை போயிற்று, அரக்கு வெல்வெட் போயிற்று, படிகள் போயின. பால் வெள்ளையில் மூன்று கட்டைகள், உயரம் கூடியும் குறைந்தும். மேலேயிருந்து விளக்கு வெளிச்சம் நகைமேல் மட்டும் விழும்படி. நான் பழக்கத்தில் தட்டோடு போய் நின்றேன்.

"இத்தர வேண்டா அம்மச்சி. மூணு மதி."

"மூணு போதுமாம் ஆச்சி" என்றார் சின்ன முதலாளி.

மூன்றே மூன்று உருப்படி. அதையும் வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. முன்பு நாற்பது நகைக்கு நடுவில் காணாமல் போன ஒரு கல் வளையல், அந்த வெள்ளைக் கட்டைமேல் தனியாக உட்கார்ந்ததும் தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். இத்தனை காலம் நான் அடைத்து வைத்திருந்தேனே என்று தோன்றியது. எனக்கு இருந்த கஷ்டமெல்லாம் ஒளிந்துகொள்ளத் திரை இல்லாததுதான். முழு வெளிச்சத்தில், தெருவைப் பார்த்தபடி நின்று அடுக்க வேண்டும். தலையைத் தூக்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

புது ஷோகேஸ் வந்த முதல் நாள் அவள் வந்தாள். இடது மூலைக்குப் போனாள். கண்ணைச் சுருக்கினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் பஸ் நிற்கிற இடத்தில் அவளைப் பார்த்தேன். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அட்டிகையை எடுத்துவிட்டோம், அதனால்தான் என்று முடிவு செய்தேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. அந்த வாரம் முழுக்க வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன், "ஏம்மா, கொரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றான். என்ன சொல்வது? பெயர் தெரியாத ஒருத்தி பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னைப் பார்ப்பாள், இப்போது பார்க்கவில்லை என்றா? "சளி" என்றேன்.

திங்கட்கிழமை சின்ன முதலாளியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். இந்தக் கடையில் நானாகப் போய் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் கணினியிலிருந்து நிமிர்ந்தார்.

"என்ன ஆச்சி, ஊருக்குப் போணுமா?"

"இல்ல தம்பி. அந்தச் செவப்புக்கல் அட்டிய..."

"ஆமா?"

"இடது மூலையில வச்சுக்கிடட்டுமா?"

"அது பழைய மாடல்லா ஆச்சி. யாரு கேட்டா?"

"ஒரு அம்மா பாப்பாவ."

"வாங்குவாங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். "சரி, இந்த வாரம் வைங்க. அவுக வராட்டா எடுத்துரணும், என்ன?"

வைத்தேன். வெள்ளைக் கட்டைமேல் அந்தச் சிவப்புக்கல் ரத்தத் துளி மாதிரி மின்னியது. மறுநாள் காலையில் அவள் பஸ்ஸுக்கு வந்தாள். கடையைக் கடந்தாள். திரும்பவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். பக்கத்தில் மொபைல் கடை ஒன்று உண்டு, காலையில் பூட்டிக் கிடக்கும். அதன் கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். பூட்டின கடையில் இவளுக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

வாரம் முடிய இருந்தது, அன்றும் அவள் அங்கேதான் நின்றாள். அட்டிகையை எடுத்துவிடுவார்கள். அவள் பார்க்காமலே போய்விடுவாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் முன்வாசல் வழியாக இறங்கினேன். எப்போதும் பின்வாசலில்தான் வருவேன், போவேன். காவலுக்கு நிற்கிறவர், "ஆச்சி, எங்க?" என்றார். நிற்காமல் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அட்டிய வச்சிருக்கம்மா" என்றேன்.

அவள் திரும்பினாள். "என்ன ஆச்சி?"

"செவப்புக்கல் அட்டிய. நீ பாப்பியே. திரும்ப வச்சிருக்கு."

"எந்த அட்டிய? நான் யாருன்னு நெனச்சுப் பேசுதிய?"

கடையைக் கையால் காட்டினேன். அந்த மூலையைக் காட்டினேன். அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ ஆச்சி! நான் நகையவா பாத்தேன்? என் மூஞ்சியில்லா பாத்தேன். தம்பி வண்டியில கொண்டாந்து விடுதான். காத்துல தல பூரா பறந்துருது. லாட்ஜுல வேல, இப்படியே போனா மேனேஜர் வைவாரு. ஒங்க கடையில அந்த மூல மட்டுந்தான் இருட்டா இருக்கும். மத்த எடமெல்லாம் நகையாக் கெடக்கும், மூஞ்சி விழாது. பல்லுல கீர இருக்கான்னுகூடப் பாத்துக்கிடுவேன். இப்பம் லைட்டப் போட்டு ஒண்ணுந் தெரியல."

"உள்ள நான் நிப்பேன்" என்றேன்.

"உள்ள ஆளு உண்டா?" அவள் முகம் மாறியது. "நான் பல்ல இளிச்சதெல்லாம் பாத்திகளா?"

"பாத்தேன்."

இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிட்டது. பஸ் வந்தது. அவள் ஏறப் போகும்போது சட்டென்று முகத்தை என் பக்கம் நீட்டி, "பொட்டு சரியா இருக்கா ஆச்சி?" என்றாள். பார்த்தேன். சரியாக இருந்தது. தலையை ஆட்டினேன். ஏறிப் போய்விட்டாள்.

திரும்பி வந்து அட்டிகையை நானே எடுத்துத் தட்டில் வைத்தேன். சின்ன முதலாளி, "என்ன ஆச்சி, ஒங்க அம்மா வந்தாவளா?" என்றார். "வரல" என்றேன். அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வைத்துவிட்டேன். இத்தனை காலமும் அவள் பார்த்தது என்னை இல்லை, அட்டிகையைக்கூட இல்லை. அந்தப் பார்வைகளையெல்லாம் எனக்கென்று வாங்கி வைத்துக்கொண்டவள் நான். திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

மறுநாள் காலையில் வெளிச்சத்தில் நின்று அடுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் யாரோ விரலால் தட்டுகிற சத்தம். தலையைத் தூக்கினேன். அவள். இந்த வெளிச்சத்தில் அவளுக்கு அவள் முகம் தெரியாது, ஆனால் என் முகம் தெரிகிறது. நெற்றியைத் தொட்டுக் காட்டி, "சரியா?" என்று வாயசைத்தாள்.

ஸ்டிக்கர் பொட்டு ஓரமாகப் போயிருந்தது. என் நெற்றியில் விரலை வைத்து, இந்தப் பக்கம் தள்ளு என்று காட்டினேன். எதிரெதிரே நிற்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் அதைப் பார்த்து அதே கைப்பக்கம் தள்ளினாள், பொட்டு இன்னும் ஓரத்துக்குப் போனது. இல்லை, இல்லை என்று நான் கையை ஆட்டினேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. புருவத்துக்கு மேலே கோணலான பொட்டோடு ஓடி ஏறினாள். ஜன்னலிலிருந்து கையைக் காட்டினாள்.

"கஸ்டமரப் பயமுறுத்தி அனுப்பிட்டியளே ஆச்சி" என்றாள் கவுண்டர் பெண்.

அன்று முழுவதும் அந்தக் கோணல் பொட்டு என் கண்ணிலேயே நின்றது. மேனேஜர் வைதிருப்பாரோ என்று கவலைப்பட்டேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுவிட்டு, சுவரில் இருக்கிற கண்ணாடிக்கு முன்னால் நின்று, நாளைக்கு எந்தக் கையைக் காட்ட வேண்டும் என்று மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தேன்.