வேட்டி கட்டிய மூட்டை

கல்யாணத்தில் கார்ப்பெட் மேல் உட்காருகிற ஒவ்வொருத்தரும் எதையாவது அதில் விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அதை உறிஞ்சி எடுப்பதுதான் என் வேலை.

எண்பதுகளின் கடைசியில், பாலக்கோட்டில் மாது அண்ணன் வைத்திருந்த சாமியானா கடை. பந்தல், பாத்திரம், கார்ப்பெட் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பார். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் முன்னால் வாயே திறக்காது. என் பொண்ணு ரோஸி கைக்குழந்தை. தக்காளி மண்டியில் வேலை கேட்டேன், பிள்ளையை வூட்டில் விட்டுவிட்டு வா என்றார்கள். யாரிடம் விடுவது? மாது அண்ணன்தான் கடைக்குப் பின்னால் தூளி கட்ட இடம் கொடுத்தார். அந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை கிடையாது. இடுப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு வேலைக்கு ஓடுகிற அக்கா தங்கச்சிகளுக்கு இது புரியும்.

மிஷின் வந்த கதை

பெங்களூரில் ஏதோ ஒரு லாட்ஜில் கழித்துப் போட்ட மிஷினை மாது அண்ணன் வாங்கி வந்தார். டிரம் மாதிரி ஒரு வயிறு, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், நுனியில் தட்டையாக ஒரு வாய். சோப்புத் தண்ணி தெளித்துத் தேய்த்துவிட்டு, வாயை வைத்து இழுத்தால் அழுக்குத் தண்ணியை உறிஞ்சிக்கொள்ளும், சாயங்காலமே கார்ப்பெட்டை விரிக்கலாம் என்றார். ஓட்ட ஆள் வேண்டும். தூளிக்குப் பக்கத்தில் நின்றவள் நான்தான்.

முதல் கல்யாணத்திலேயே மானம் போனது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்த கார்ப்பெட், ஆள் உட்கார்ந்ததும் அடியிலிருந்த தண்ணியையெல்லாம் மேலே விட்டது. அப்போதுதான் கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பது புதுசாக வந்திருந்தது. பெரிய லைட்டைப் பிடித்துக்கொண்டு வீடியோக்காரர் வரவும், மாப்பிள்ளை வூட்டுப் பங்காளிகள் அத்தனை பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு வெள்ளை வேட்டியின் பின்பக்கமும் ஒரு வட்டம். பொண்ணோட மாமா சொன்னது: "ஏம்ப்பா மாது, பந்திக்கு முன்னாடி கை கழுவத்தான் தண்ணி வெப்பாங்க. நீ வேற எடத்தக் கழுவி உட்டுட்டியே!"

மூட்டைக்கு வணக்கம்

இன்னொரு வேட்டி நனைந்தால் மிஷின் பெங்களூருக்கே திரும்பிப் போகும், கார்ப்பெட் வண்ணாரிடம் போகும் என்று மாது அண்ணன் சொல்லிவிட்டார். நான் எங்கே போவேன் என்று சொல்லவில்லை, எனக்கே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் தினமும் பரீட்சை. வெள்ளை வேட்டியோடு கார்ப்பெட்டில் உட்காருவார், எழுந்து எனக்கு முதுகைக் காட்டி, "பாரும்மா, ஈரம் இருக்குதா?" என்பார். மொதலாளியின் பின்பக்கத்தை நான் எப்படிங்க பார்ப்பது? சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் வாலைத் தேடும் நாய்க்குட்டி மாதிரி சுற்றுவார்.

கடைசியில் அவருக்கே வெட்கமாகி, ஒரு மணல் மூட்டைக்குப் பழைய வேட்டியைக் கட்டி கார்ப்பெட் மேல் உட்கார வைத்தார். வேட்டி நழுவுகிறது என்று மேலே ஒரு துண்டும் போட்டார். பாத்திரம் கேட்க ஏரியூரிலிருந்து வந்தவர் வெகுநேரம் வாசலிலேயே நின்றுவிட்டு, என்னிடம் வந்து கேட்டார்: "மொதலாளிக்கு எம் மேல என்னங்க கோவம்? வந்ததுலருந்து வணக்கம் வெக்கறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாரு!"

ஏர் ஓட்டுங்க

மூட்டையின் வேட்டி தினமும் நனைந்தது. ஒரு நாள் அண்டா திருப்பிக் கொடுக்க வந்த தக்காளிக்காரர் ஒருத்தர், மாது அண்ணனுக்காகக் காத்திருந்த நேரத்தில் என்னை வேடிக்கை பார்த்தார். நான் மிஷினின் வாயைத் துடைப்பம் மாதிரி சரக் சரக்கென்று தள்ளிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, வாசல் பெருக்கறீங்களா? அதுக்கு என்னத்துக்கு இத்தாம்பெரிய மிஷினு? ஏர் ஓட்டறாப்பல ஓட்டிப் பாருங்க" என்று சிரித்தார்.

கோபத்தில்தான் அப்படிச் செய்தேன். வாயை அழுத்திப் பிடித்து, மெதுவாக என் பக்கம் இழுத்தேன். அடுத்த உழவுச் சால், முந்தின சாலில் பாதியை மிதித்துக்கொண்டு. முடிந்ததும் தண்ணியே விடாமல் குறுக்கே இன்னொரு தடவை. சோப்பையும் பாதியாகக் குறைத்தேன். டிரம்மில் தண்ணி ஏறுகிறது, ஏறுகிறது, இவ்வளவும் இத்தனை நாள் கார்ப்பெட்டுக்குள்ளேயா இருந்தது! மூட்டையை உட்கார வைத்துத் தூக்கினால் வேட்டியில் ஒரு பொட்டு ஈரமில்லை. தக்காளிக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "சாலு நேராத்தான் வந்திருக்குதுங்க. இனி வெதைக்கறது ஒண்ணுதான் பாக்கி."

கரண்டு போன நேரம்

மிஷின் சத்தத்தில் இரண்டு நல்லது உண்டு. ஒன்று, ரோஸி நன்றாகத் தூங்குவாள். இன்னொன்று, நான் என்ன பேசினாலும் யாருக்கும் கேட்காது. வூட்டில், ரோட்டில், கடையில் பேசாததையெல்லாம் அப்போதுதான் பேசித் தீர்ப்பேன். ஒரு நாள் அப்படித்தான், பின்னால் மாது அண்ணன் நிற்பது தெரியாமல், "ஒரு நாளு இந்த மனுசன் வந்து இத இழுத்துப் பாக்கட்டும், அப்பத் தெரியும் இடுப்பு எங்க இருக்குதுன்னு!" என்று கத்திக்கொண்டிருந்தபோது கரண்டு போய்விட்டது. கடைசிப் பாதி தெரு வரைக்கும் கேட்டிருக்கும். ரோஸி எழுந்து அழுதாள். எனக்கும் அழுகைதான் வந்தது. மாது அண்ணன் அமைதியாகச் சொன்னார்: "கரண்டு வரட்டும்மா, இழுக்கறேன். அதுவரைக்கும் நீ பேசு, கேக்கறேன்."

பாப்பிரெட்டிப்பட்டி கல்யாணம்

காலையில் ஒரு கல்யாணத்திலிருந்து வந்த கார்ப்பெட்டை, சாயங்காலம் பாப்பிரெட்டிப்பட்டியில் விரிக்க வேண்டும். அழுத்தி உழுதேன், குறுக்கேயும் உழுதேன். மூட்டை தேறிவிட்டது. ஆனாலும் நம்பாமல் மாது அண்ணன் என்னையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டார்.

மண்டபத்தில் ரோஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தூண் மறைவில் நின்றேன். மாப்பிள்ளையோட அப்பா கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தவர், ரோஸி சிரித்ததைப் பார்த்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் யாரோ முக்கியமானவர் வந்தார் என்று குழந்தையோடு எழுந்து நின்றார். வேட்டியின் பின்னால் ஒரு வட்டம். முன்னைவிடப் பெரிய வட்டம். மாது அண்ணன் முகம் கருத்தது. என்னிடம் வந்து, "நாளைக்கே மிஷின லாரியில ஏத்தறேன்" என்றார்.

மேளம் காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே, மிஷினுக்குப் பக்கத்தில் கத்துகிற மாதிரியே கத்தினேன். பாருங்கள், அந்த நொடியில்தானா மேளம் நிற்க வேண்டும்?

"கார்ப்பெட்டு காஞ்சிதாங்க இருக்குது! நனைச்சது எம் பொண்ணுங்க!"

மண்டபமே திரும்பியது. வீடியோ லைட்டும் திரும்பியது. மாப்பிள்ளையோட அப்பா மடிப்பக்கத்து ஈரத்தைப் பார்த்தார், ரோஸியைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, தான் உட்கார்ந்த இடத்தை விட்டுத் தள்ளிச் சுற்றிலும் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். தீர்ப்பு சொன்னார்: "காஞ்ச மொளகாயாட்டம் இருக்குது மாது, கார்ப்பெட்டுல ஒரு கொறையும் இல்ல. அடுத்த தடவ மட்டும் இந்தப் பாப்பாவுக்கு ஒரு ஜட்டி வாங்கிப் போட்டுக் கூட்டியா."

மிஷின் கடையிலேயே இருந்தது, நானும் இருந்தேன், ஊர் வேட்டியெல்லாம் காய்ந்தே இருந்தது. எங்கள் வூட்டுப் பாய் மட்டும் தினமும் நனைந்தது, அதற்கு மட்டும் எந்த ஏர் ஓட்டியும் பலனில்லை.