அத்தையின் பூக்கொண்டைக் கோழிகள்

அத்தை புதுச்சேரியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது ஒரு தகரப் பெட்டியும், வாயைத் துணியால் கட்டிய ஒரு பிரம்புக் கூடையும் கொண்டுவந்தாள். பெட்டியை பஸ்ஸின் கூரைமேல் போட விட்டவள் கூடையை மட்டும் யாரிடமும் தரவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நைனா கை நீட்டியபோதுகூட, "இருக்கட்டும் அண்ணே, நானே எடுத்தாறேன்" என்று இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். குழந்தையை வைத்துக்கொள்வதுபோல வைத்துக்கொண்டாள் என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அன்று எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே கேக் இருக்கிறது என்று நினைத்தேன்.

வீட்டு முற்றத்தில் துணியை அவிழ்த்ததும் கூடையிலிருந்து இரண்டு வெள்ளைப் பூக்கள் எழுந்தன. பெரிய சாமந்திப் பூக்கள். அவற்றுக்குக் கீழே காக்கைக் கறுப்பில் உடம்பு இருந்தது, கால்கள் இருந்தன, பூவின் நடுவிலிருந்து ஒரு மூக்கு நுனி எட்டிப் பார்த்தது. கோழிகள்தான். நம் ஊர்ச் சேவலுக்குச் சிவப்புக் கொண்டை இருக்கும் இடத்தில் இவற்றுக்கு இறகுகள் குலைகுலையாக முளைத்து, நாலு பக்கமும் சரிந்து, கண்ணை மூடியிருந்தன.

"இன்னா இது, தலையில பருத்தி வெடிச்சா மாதிரி இருக்குது" என்றாள் அம்மா.

"பூக்கொண்டைக் கோழி, அண்ணி. பெட்டைக்கு மதாம்னு பேரு. சேவலு மிசியே."

தெருப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. தொரை, தொரசானி என்று மாற்றிக்கொண்டார்கள். வேலியோரம் வரிசையாக நின்று, ஏதோ சர்க்கஸ் வந்திருப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அத்தை புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அந்த வீட்டுப் பெண் பிறந்ததிலிருந்து அத்தை கையில்தான் வளர்ந்தது. பெயர் அன்னெத். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அன்னெத் வீட்டாரும் ஏறினார்கள். கோழிகளைக் கப்பலில் ஏற்ற முடியாது. அவை அந்தப் பெண் ஆசையாக வளர்த்தவை. அது அழுதுகொண்டே கூடையை அத்தையிடம் கொடுத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள், பெரியவளானதும் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிற்றாம். அத்தை இதை அம்மாவிடம் சொன்னபோது அம்மா, "கொழந்தைங்க அப்பிடித்தான் சொல்லும்" என்றாள். அத்தை, "அன்னெத் சொன்னா செய்யும்" என்றாள்.

எங்கள் வீடு கோட்டையின் வெளிமதிலுக்குக் கொஞ்சம் இப்பால் இருந்தது. கொல்லையில் நின்றால் மூன்று மலைகளும் தெரியும். வெயில் ஏறிய பின்பு ராஜகிரியின் பாறைகள் நடுங்குவதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் முருங்கை மரத்தடியில் மதாமும் மிசியேவும் உலாவும் காட்சி இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அவை மற்றக் கோழிகளைப்போல் அவசரப்படுவதில்லை. எதிரில் இருப்பது தெரியாததால் காலை மெல்லத் தூக்கி, சற்று யோசித்து, பிறகுதான் வைக்கும். தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி. நடுநடுவே உரலில் முட்டிக்கொண்டு, உரல்தான் வந்து முட்டிவிட்டது என்பதுபோல் நின்றுவிடும். தலைக்கு மேலே பருந்து வட்டமிட்டால் ஊர்க்கோழிகள் எல்லாம் வேலிக்குள் ஓடிவிடும். இவை இரண்டும் உலகத்தில் பருந்து என்று ஒன்று இருப்பதே தெரியாமல் வெயிலில் நிற்கும். அத்தை ஓடிப்போய் முறத்தால் மூடுவாள்.

மத்தியானம் சாப்பாடானதும் மதாமை மடியில் வைத்துக்கொண்டு, விரலில் வேப்பெண்ணெய் தொட்டு, கொண்டைக்குள் பேன் பார்ப்பாள். பிறகு முன்பக்கத்து இறகுகளை ஒன்றுசேர்த்து நூலால் தளர்வாகக் கட்டிவிடுவாள். அப்போது மட்டும் கோழிக்குக் கண் தெரியும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கண், ஆச்சரியத்தோடு எங்களைப் பார்க்கும். இரை வைக்கும்போது தகரத் தட்டைத் தட்டி, "வியேன், வியேன்" என்பாள். இரண்டும் குரல் வந்த திசையில் ஓடிவரும். அது பிரெஞ்சு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கோழிப் பாஷை என்று நினைத்து, பக்கத்து வீட்டு ஊர்க்கோழிகளிடம் சொல்லிப் பார்த்தேன். அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நம்ம கோட்டைத் தூணுங்க அங்க கடற்கரையில நிக்குது" என்று அத்தை ஒருநாள் சொன்னாள். "அந்தக் காலத்திலியே வெள்ளைக்காரன் எடுத்தினு போனானாம். அதுங்கீழதான் அன்னெத்தை உக்கார வெச்சி ரொட்டி ஊட்டுவேன்." அப்படியானால் தூணைக் கொடுத்துத்தான் கோழி வாங்கியிருக்கிறோம் என்று நான் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். சிஸ்டர் அதைச் சரித்திரமாக ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் அத்தைக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கியிருந்தார்கள். வயது கடந்துகொண்டிருந்தது. முதலில் வந்தவரின் தாயார் கொல்லையில் கோழிகளைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கல்யாணம் ஆனா இதுங்கள இன்னா செய்வே?" என்று கேட்டாள். "கூட எடுத்தாறுவேன்" என்றாள் அத்தை. அத்தோடு அது நின்றுபோனது. அடுத்து வந்தவர் வேறு மாவட்டத்துக்காரர். அவ்வளவு தூரம் போக மாட்டேன் என்றுவிட்டாள். "அன்னெத் வந்து கேட்டா இங்க யாரு இருப்பா?" என்று அவள் சொன்னதைக் கேட்டு நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கோழிகளோடு ஏற்றுக்கொள்கிற ஒருவர் கிடைக்கும்வரை அத்தை காத்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அப்படி ஒருவர் கிடைத்துவிடக் கூடாதே என்று பூசையில் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்தவர்தான் அனந்தபுரத்து சைக்கிள் கடைக்காரர். மனைவியை இழந்தவர். அக்காளையும், தன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கும் ஒரு சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். அவர்களுக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற பேச்சு முதல்நாளே எழுந்தது.

"அந்தச் சேவலு சும்மாத்தானே திரியுது" என்றாள் அம்மா.

அத்தை அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "அது மேல கத்தி பட்டா நான் புதுச்சேரிக்கே போயிடறேன், அண்ணி."

"அங்க யாரு இருக்காங்க ஒனக்கு?"

அத்தை முறத்தை இன்னும் வேகமாகப் புடைத்தாள். நைனா காலையில் ஆட்டுக்கறி வாங்கிவந்தார்.

அத்தை பெரியவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் அடுப்படிக்குத் திரும்பி வந்தாள். "எனக்கு வேணாம்னு சொல்லிடு அண்ணி. சாப்ட்டுப் போவட்டும், பாவம்" என்றாள். அம்மா கரண்டியை வைத்துவிட்டு, "மொகத்தக்கூடப் பாக்கலியே நீ" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கோழிகள் எங்கேயும் போகப்போவதில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் அந்தச் சின்னப் பெண் இல்லாதது தெரிந்தது. வாசலில் இல்லை. தெருவில் இல்லை. சைக்கிள் கடைக்காரர் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு கொல்லைக் கிணற்றைப் பார்த்து ஓடினார். எல்லோரும் அவர் பின்னால் ஓடினார்கள். நைனா கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்த்தார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அசையாமல் கிடப்பது நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. கிணற்றுக்குள் துழாவிப் பார்க்க நைனா பாதாளக் கரண்டி எடுத்துவர ஆள் அனுப்பினார். அந்த மனிதர் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை கிணற்றுப் பக்கம் வரவில்லை. முருங்கை மரத்தடியில் மிசியே மட்டும் நின்று அலறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். வேலியில் நாய் நுழையும் சந்தைப் பார்த்தாள்.

"மதாமைக் காணோம். பாப்பாதான் தூக்கினு கோட்டைப் பக்கம் போயிருக்குது" என்று சொல்லிவிட்டுக் குனிந்து அந்தச் சந்திலேயே நுழைந்தாள். சேலை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. நானும் பின்னால் நுழைந்தேன்.

மதில் இடிந்த இடத்தின் வழியாகக் கோட்டைக்குள் போனோம். வெயில் தணிந்து, கல்லெல்லாம் தேன் நிறமாக இருந்தது. குளத்துப் படியில் குரங்குகள் குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தன. புளிய மரங்களுக்குள் காற்று இல்லை. அத்தை முதலில் கோழியைத்தான் கூப்பிட்டாள். "மதாம், வியேன், வியேன்." குதிரை லாயத்து வளைவுகளுக்குள் அந்தக் குரல் போய், வேறு யாரோ கூப்பிடுவதுபோல் திரும்பி வந்தது. பிறகு, "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டாள். அதுவும் திரும்பி வந்தது. ஒவ்வொரு வளைவாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனவள் திடீரென்று நின்று, "அன்னெத்" என்றாள். அப்புறம் அந்தப் பெயரை விடவேயில்லை. "அன்னெத், அன்னெத்" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.

நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அத்தே, அந்தப் பொண்ணு பேரு அது இல்லியே."

அவள் என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "அதும் பேரு இன்னான்னு நான் கேக்கவே இல்லியேம்மா" என்றாள்.

களஞ்சியத்தின் வாசலில் இருந்தாள் அந்தப் பெண். கால்களை நீட்டி, மதாமை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கொண்டையை வகிடு பிரித்து விலக்கிப் பிடித்திருந்தாள். கோழி அப்படியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டு அவள் பயப்படவில்லை. வந்ததிலிருந்து வாய் திறக்காத பெண், "இதுக்குக் கண்ணு இருக்குது" என்று சொன்னாள்.

"இருக்குதும்மா" என்றாள் அத்தை. திட்டப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கிழிந்த முந்தானையால் அந்தப் பெண்ணின் மூக்கைத் துடைத்தாள். மூவரும், கோழியோடு நால்வரும், அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். எதிரில் ராஜகிரியின் உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. கீழே நிழல் எங்கள் கால்வரை வந்து நின்றது.

திரும்பும்போது கோழி என் கையில், பெண் அத்தையின் இடுப்பில். கிணற்றடியிலிருந்து அந்த மனிதர் எழுந்து வந்து கைகளை நீட்டினார். பெண் அத்தையின் கழுத்தை விடவில்லை. அவர் நீட்டிய கைகளை அப்படியே கூப்பிக்கொண்டார். அத்தை அவரிடம் பேசிய முதல் பேச்சு அப்போதுதான். "இதும் பேரு இன்னாங்க?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அத்தை அந்தப் பெயரைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு அவர்கள் பொழுது சாய்ந்துதான் பஸ் ஏறினார்கள். அம்மா, "இன்னா சொல்லி அனுப்பறது?" என்று கேட்க, "வரச் சொல்லு" என்றாள் அத்தை.

கல்யாணம் எங்கள் கோயிலிலேயே நடந்தது. நான் பூசை முழுக்கக் கோழிகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். மாதா என் வேண்டுதலைக் காதில் வாங்கவில்லை. கோழிகளோடு ஏற்றுக்கொள்கிற மாப்பிள்ளை கிடைத்துவிட்டார், அதுவும் கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடும் அளவுக்கு ஆசையுள்ள ஒரு பெண்ணோடு. இனி அழுது பயனில்லை என்று, நானே கூடையில் வைக்கோல் பரப்பி, இரண்டையும் உள்ளே வைத்து, துணியால் கட்டி, பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் அவள் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கூடையை ஜன்னலுக்கு நேராக உயர்த்தினேன்.

"நீயே வெச்சுக்கோம்மா" என்றாள் அத்தை.

"ஒனக்கு வேணாமா?"

"கை காலியில்லியே." குழந்தையின் தலை நழுவாமல் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஈரத்தில வுடாத. கொண்டை நனஞ்சா சளி பிடிச்சிக்கும்."

பஸ் புறப்பட்டுவிட்டது. அவள் எனக்குக் கை ஆட்டினாள். கூடையைப் பார்க்கவேயில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பஸ் மறைந்ததும் கோழிகளுக்காகக் கொஞ்சம் கோபம் வந்தது. அவற்றை இப்படிச் சட்டென்று விட்டுவிட எப்படி மனசு வந்தது என்று இருந்தது.

நைனா கூடையை வாங்கிக்கொண்டார். கடைத்தெருவைத் தாண்டும்போது நான் கேட்டேன். "அன்னெத் வந்து கேட்டா நாம இன்னா சொல்றது நைனா?"

"அது வராதும்மா."

"அத்தைக்குத் தெரியுமா?"

"இப்பத் தெரியும்" என்றார் நைனா.

எனக்கு ஒரே குழப்பமாகிவிட்டது. அயல்நாட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தபால் எதுவும் வந்ததில்லை. புதுச்சேரியிலிருந்தும் யாரும் வரவில்லை. பின்னே யார் வந்து அத்தையிடம் சொல்லியிருப்பார்கள் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.