கொழும்புக்குக் கொடுத்தனுப்பிய தொக்கு

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கால்பந்து கிளப்பில் பனியன் துவைப்பதும் பந்துக்குக் காற்றடிப்பதும் என் வேலை.

சென்னை லீக்கில் ஜெயித்த நாங்கள் கல்கத்தா கோப்பையில் தோற்றுத் திரும்புகிறோம். நாளை எழும்பூரில் மறுபடி ரயிலேறி, கப்பல் பிடித்துக் கொழும்புக்கு ஆடப் போகிறோம். கும்மிடிப்பூண்டியில் ரயில் நிற்கிறது. எங்கள் இரண்டாவது கோல்கீப்பர் தாஸ் இந்த ஊர் ஆலையில் வேலை செய்கிறான். லீவு கிடைக்காததால் கல்கத்தாவுக்கு வரவில்லை. நாங்கள் வரும் வண்டி தெரிந்து அவன் அக்கா ஜன்னலோரம் ஓடி வருகிறாள்.

"இன்னாண்ணா, கப்ப அங்கியே உட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று சிரிக்கிறாள். "போவட்டும். கொழும்புக்குத் தம்பிக்கு லீவு கெடச்சிடுச்சு. நாளிக்குப் பெட்டியோட எழும்பூர் வந்துருவான்."

ஒரு டப்பாவை நீட்டுகிறாள். கருவாட்டுத் தொக்கு.

"அவன் கையில குட்த்தா வழியிலியே துன்னுடுவான். நீங்களே வச்சிக்கினு போடுங்கண்ணா."

கொழும்புக்கு ஒரு கோல்கீப்பர் போதும், துவைக்க ஆள் வேண்டும் என்று செக்ரட்டரி நேற்றுதான் தாஸின் இடத்தை எனக்குக் கொடுத்தார். கடல் தாண்டும் ஆசையில் உடனே தலையாட்டினேன். தாஸுக்கு இது இன்னும் தெரியாது. டப்பாவை வாங்கிக்கொள்கிறேன். வண்டி நகர்கிறது.

"தம்பியப் பாத்துக்கோங்கண்ணா!" என்று கூடவே ஓடி வருகிறாள்.

மறுநாள் எழும்பூரில் செக்ரட்டரி தாஸிடம் விஷயத்தைச் சொன்னார். தொக்கு டப்பா உள்ளே இருந்த என் பெட்டியை அவன் வாங்கி ரயிலில் ஏற்றிவைத்துவிட்டு ஊருக்குப் போனான்.