டீச்சர் கோட்டில் பட்ட கறை

இல்லை, டீச்சர் மேல் அவள் தம்பி மனைவி மை ஊற்றவில்லை. கூடவே நின்று பார்த்த மாதிரிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும். டீச்சரின் வெள்ளைக் கோட்டில் இருந்த கருநீலத் திட்டு பள்ளிக்கூட ஆய்வகத்தில் விழுந்தது. கஞ்சி போட்ட துணியில் அயோடின் பட்டால் அப்படித்தான் ஆகும். அந்தக் கஞ்சியை மொடமொடவென்று போட்டு, இஸ்திரி தேய்த்துக் கொடுத்தவளே தம்பி மனைவிதான்.

பெற்றவர்கள் போனபின் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் டீச்சர். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "இவன் படிச்சு முடிக்கட்டும்" என்றே சொல்லி அனுப்பினாள். அவனுக்குக் கல்யாணமும் செய்துவைத்தாள். அதுவரை வேலை விட்டு வந்ததும் "அக்கா, டீ" என்று சமையலறைக்குள் நுழைந்தவன், பிறகு நேராக மனைவியிடம் போனான். போகவேண்டியதுதானே. ஆனால் டீச்சர் வந்து உட்கார்ந்தால் மேசையில் பேச்சு நின்றுவிடும். அதுதான் அவளைத் தின்றது.

அன்று வகுப்பில், பொட்டாசியம் அயோடைடு கரைசலில் குளோரின் தண்ணீரை விட்டாள். தெளிந்திருந்தது பழுப்பானது.

"என்ன ஆச்சு?"

"குளோரின் வந்து பொட்டாசியத்தைப் பிடிச்சுக்கிச்சு டீச்சர். அயோடினை வெளிய தள்ளிருச்சு."

"அயோடின் திரும்பி வந்து குளோரினைத் தள்ளுமா?"

"தள்ளாது டீச்சர். அதுக்கு அவ்வளவு பலம் இல்ல."

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "பாவம் டீச்சர் அயோடின். உள்ள இருந்தவரைக்கும் அது இருக்குறதே தெரியல. வெளிய வந்ததும் ஊருக்கே தெரியுது" என்றாள்.

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரிக்கத்தான் பார்த்தாள். கையிலிருந்த சோதனைக் குழாய் சாய்ந்து கோட்டில் கொட்டியது.

வீட்டில் தம்பி மனைவி கறையைப் பார்த்துப் பதறினாள். "கழட்டுங்கக்கா, ஊற வெக்கிறேன்."

"இருக்கட்டும்மா. பள்ளிக்கூடத்துப் பக்கமா ஒரு ரூம் பாத்துட்டு வந்திருக்கேன்."

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாக்கா?"

"கஞ்சி நல்லாப் போடுற. அதுல என்ன தப்பு?"

அழுதது தம்பி மனைவிதான். தம்பி 'போகாதே' என்று சொல்வான் என்று, இருந்த நாலு துணியையும் பிரித்துப் பிரித்து மடித்தாள் டீச்சர். அவன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை வருவேல்லக்கா?" என்றான்.

"வரேன்டா."

இரண்டு கையிலும் பை. கோட்டைக் கழற்றாமல், தெருவே எட்டிப் பார்க்க, அவள் வாசற்படி இறங்கினாள்.